கோயில் பிள்ளை எந்த ஊர்க்காரர்

மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லியிருக்கிறீர்கள். ஏழாம் வகுப்பு ‘சி’ பிரிவின் மறுசந்திப்புக்கு ஒரு மலர், அதில் ஆளுக்கு ஒரு நினைவு, முடிந்தால் சிரிக்கும்படி, முடிந்தால் இரண்டு பக்கத்துக்குள். சந்திப்பன்று எங்கே போகலாம் என்று குழுவில் நடந்த ஓட்டெடுப்பையும் பார்த்தேன். பதினாலு பேர் ‘பழைய சர்ச் டூர், மறுபடியும்’ என்பதைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். ஆகவே அந்த நாளைப் பற்றியே எழுதுகிறேன். சிரிப்பு வருமா என்று தெரியாது. இரண்டு பக்கத்தைத் தாண்டும்.

நாம் முப்பதைத் தாண்டிவிட்டோம். சிலருக்கு முட்டி வலிக்கிறது, சிலருக்குப் பழைய நாட்கள் இனிக்கின்றன. எனக்கு முதலாவது மட்டும்தான். என் வேலை கட்டடங்களில் விரிசல் பார்ப்பது. எங்கே, எவ்வளவு நீளம், எவ்வளவு ஆழம் என்று வரிசையாக எழுதி, எதனால் என்பதைக் கடைசியில் எழுத வேண்டும். அதை முதலில் எழுதுகிறவர் சுவரைப் பார்க்கவே இல்லை என்று அர்த்தம். இந்தக் குறிப்பையும் அப்படித்தான் எழுதப் பார்க்கிறேன்.

கோயில் பிள்ளையின் மகளை உங்களுக்கு நினைவிருக்கும். மூன்றாவது பெஞ்சு, சுவரோரம். குழுவில் அவள் இல்லை. எண் கிடைக்கவில்லை என்றார்கள். யாரும் தேடவில்லை என்பதுதான் சரி.

அவளுடைய அப்பா தென்னூரைத் தாண்டி ஒரு சந்துக்குள் இருந்த சின்னப் பழைய சர்ச்சில் கோயில் பிள்ளை. அவர்கள் சர்ச்சைக் கோயில் என்றுதான் சொல்வார்கள். அதைத் திறப்பது, பூட்டுவது, மணியடிப்பது, பெஞ்சுகளைத் துடைப்பது, பின்னால் கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டுவது எல்லாம் செய்கிறவருக்குக் கோயில் பிள்ளை என்று பெயர். அது வேலையின் பெயர். சாதியும் இல்லை, ஊரும் இல்லை. சர்ச் வளாகத்திலேயே இரண்டு அறை கொண்ட வீடு கொடுத்திருந்தார்கள்.

நமக்கோ கோயில் என்றால் ஒன்றே ஒன்று. வகுப்பில் பாதிப் பேர் ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரே வேனில் வந்து இறங்குகிறவர்கள். “கோயிலுக்குப் போயிட்டு வந்தேன்” என்றால் எந்தக் கோயில் என்று நம்மிடம் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவரை வெளியூர்க்காரர் என்று நினைத்திருப்போம்.

சமூக அறிவியல் டீச்சர் சுற்றுலாவை அறிவித்தார். ‘நமது ஊரின் ஆதி கிறிஸ்தவச் சின்னங்கள்’, ஒரே நாள், மூன்று இடங்கள். மூன்றாவது இடம் தென்னூர்ச் சர்ச் என்றதும் அவள் எழுந்தே நின்றுவிட்டாள். அடுத்த இரண்டு வாரம் அவளுக்கு வேறு பேச்சு இல்லை.

“எங்க கோயிலுக்கு வர்றீங்கடி. எங்க தாத்தாவோட தாத்தா கல்லு அங்க இருக்கு. நான் காட்டுறேன்.”

“அவர் யாருடி, கலெக்டரா?”

“கோயில் பிள்ளை. எங்க அப்பா மாதிரியே. மணிக்கூண்டுக்குக் கீழயே கல்லு. அதுக்கு எதுத்தாப்புல ஐயர் வீடு.”

“ஐயர் வீடா? சர்ச்சுக்குள்ள ஐயர் என்னடி பண்றார், வழி தெரியாம வந்துட்டாரா?”

“எங்க பாதிரியாரை ஐயர்னுதான் சொல்வோம்.”

“அவராத்துல தெவசத்துக்கு எத்தனை பேரைக் கூப்பிடுவா?”

கேட்டது நம்மில் யார் என்று எழுதவில்லை, எழுதினால் மலரில் போட மாட்டீர்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். ஒரே சொல் இரண்டு வீட்டில் இரண்டு பொருள் தரும் என்பது அன்றைக்கே நம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. இதை முதல் குறிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நடந்ததற்குத் தெரியாமை காரணம் இல்லை.

டீச்சர் அவளுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். மூன்றாவது இடத்தில் இரண்டு நிமிடம் அவளே பேசலாம், அந்தக் கல் யாருடையது என்று சொல்லலாம். அவள் அதை எழுதி மனப்பாடம் செய்தாள். இடைவேளையில் கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று சொல்லிப் பார்ப்பாள்.

வீட்டுக்கு வந்த சுற்றறிக்கையில் தொப்பி, தண்ணீர், மதிய உணவு, கோடு போடாத நோட்டு, பென்சில் என்று வரிசையாக இருந்தது. கீழே டீச்சர் கையால் ஒரு வரி சேர்த்திருந்தார்: ‘எந்த இடத்திலும் கொடுப்பதை வாங்கிச் சாப்பிட வேண்டியதில்லை.’ நம் அம்மாக்களில் நான்கு பேர் பள்ளிக்கு நேரில் வந்து போன பிறகு சேர்ந்த வரி அது. என் அம்மா நான்கில் ஒருவர். கல்லறையெல்லாம் பார்த்துவிட்டு வருவதால் திரும்பியதும் தலைக்குக் குளிக்க வேண்டும் என்று வேறு சொல்லி, வெந்நீருக்கு ஏற்பாடு செய்துவிட்டுத்தான் என்னை அனுப்பினார்.

வழிகாட்டி என் பெரியப்பா. அவர் ஒரு அரசு அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு ஊர் வரலாறு என்ற ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்து, தான் கண்டுபிடித்ததாலேயே அது தனக்குச் சொந்தம் என்று நம்பினார். ஸ்ரீரங்கத்தில் எந்தக் கோபுரத்தில் எந்த வாசலில் என்ன விசேஷம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். அது அவருக்கு உண்மையாகவே தெரியும். காவிரிப் பாலத்தைத் தாண்டியதும் தெரியாது. கிறிஸ்தவச் சின்னங்களுக்காக இரண்டு சின்னப் புத்தகங்கள் வாங்கியிருந்தார். ஒன்றை முழுதாகப் படித்தார். மடக்குக் குடையை நீட்டி நீட்டிக் காட்டுவார். தெரியாததை யாராவது கேட்டுவிட்டால் “அது ஆராய்ச்சிக்குரிய விஷயம்” என்பார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு திருப்தி வரும்.

முதல் இடம் மலைக்கோட்டைக்குக் கீழே, பழைய கோட்டைக்குள் கட்டப்பட்ட சர்ச். நாம் காலணியைக் கழற்றுவதா வேண்டாமா என்று வாசலில் முட்டிக்கொண்டு நின்றோம். உள்ளே சுண்ணாம்பும் பழைய மரமும் கலந்த குளிர்ச்சியான வாசனை. நான் அந்த வாசனையில் ஒரு நிமிடம் நின்றிருப்பேன். பெரியப்பா தொடங்கிவிட்டார்.

“கவனிங்கோ கொழந்தைகளா. இந்தச் சாந்துல ஆயிரக்கணக்கான முட்டை சேர்த்திருக்கா.”

பழைய சுவர் ஒன்றைக் கண்டால் முட்டையை உடைக்காமல் விடுகிற வழிகாட்டியை நான் இன்றுவரை பார்த்ததில்லை. அடுத்து, இது கோதிக் பாணி என்றார். அங்கே இருந்தது அரைவட்ட வளைவு. கோதிக் வளைவு நுனியில் கூராக இருக்கும், இரண்டுக்கும் இட்லிக்கும் கொழுக்கட்டைக்கும் உள்ள தூரம். அன்று எனக்கு அது தெரியாது, எழுதிக்கொண்டேன். மூன்றாவதாக, இங்கிருந்து ஸ்ரீரங்கத்துக்குச் சுரங்கப்பாதை இருந்தது என்றார்.

“காவிரிக்குக் கீழயா பெரியப்பா?” என்று கேட்டேன்.

“அது ஆராய்ச்சிக்குரிய விஷயம்.”

இரண்டாவது இடம் பட்டாளத்துக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டம். தும்பைச் செடி இடுப்பளவு, வெயில் தலைக்கு நேராக. ஆங்கிலக் கற்களைப் பெரியப்பா ஒவ்வொன்றாக, குரலைத் தாழ்த்தி, பள்ளிப் பரிசளிப்பு விழாவில் பெயர் வாசிப்பதுபோல வாசித்தார். உச்சரிக்க வராத பெயர்களைத் தாண்டிப் போனார். ஒரு சின்னக் கல்லின் முன் நின்றார். அது பட்டாளத்தில் டிரம் அடித்த ஒருவனுடைய கல்.

“பாருங்கோ. டிரம் அடிக்கிறவன். அவனுக்கும் கல்லு வெச்சு, பேரு போட்டு, என்ன வேலை பண்ணினான்னு எழுதியிருக்கான். வெள்ளைக்காரன் வெள்ளைக்காரன்தான்.”

நாம் தலையாட்டினோம். டீச்சர் இதைக் குறித்துக்கொள்ளுங்கள் என்றார். இது இரண்டாவது குறிப்பு.

அங்கிருந்து தென்னூருக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

கோயில் பிள்ளை வாசலில் நின்றிருந்தார். கழுத்துப் பித்தான் வரை போட்ட வெள்ளைச் சட்டை, கையில் சாவிக்கொத்து. கல்லறைத் தோட்டத்தில் முந்தின நாள் வெட்டிய புல்லின் பச்சை வாசனை இன்னும் இருந்தது. கற்களைத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் கழுவியிருந்தார். அவருடைய மனைவி ஒரு மேசையில் எவர்சில்வர் ஜக்கும், அக்கம்பக்கத்து வீடுகளில் இரவல் வாங்கிய, ஒன்றுக்கொன்று சேராத டம்ளர்களும் வைத்து எலுமிச்சை ஜூஸ் ஊற்றிக்கொண்டிருந்தார்.

ஸ்ரீரங்கம் வேன் மொத்தமும் ஜூஸ் வேண்டாம் என்றது. ஒருத்தி சளி என்றாள். இன்னொருத்தி வயிற்றுவலி என்றாள், உடனே ஆறு பேருக்கு வயிற்றுவலி வந்தது. மற்றவர்கள் நம்மைப் பார்த்துத் தயங்கினார்கள். பெரியப்பா, “நான் வெளியில எதுவும் எடுத்துக்கறதில்லைம்மா” என்று கைகூப்பினார், பெருந்தன்மையாக. டீச்சர் அரை டம்ளர் குடித்தார். அந்த அம்மாள் டம்ளர்களை ஒவ்வொன்றாக மறுபடி ஜக்கில் கவிழ்த்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். நானும் குடிக்கவில்லை.

அவள் அதற்குள் ஓடிப்போய் மணிக்கூண்டுக்குக் கீழே அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டாள். தரையோடு பதிந்த கருங்கல். மேல்பகுதி பொரிந்து உதிர்ந்திருந்தது, அதோடு பெயரும் போயிருந்தது. எஞ்சியிருந்த எழுத்துகளுக்குப் புள்ளி கிடையாது, சொற்களுக்கு நடுவே இடம் கிடையாது, அந்தக் காலத்து வழக்கப்படி. ‘கோயிலபிளளை’ என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது. அதற்குக் கீழே இன்னொரு வரி, தேங்காய் நார் எட்டாத பள்ளங்களில் பாசி அடைந்து.

“சார், இது எங்க…” என்று அவள் ஆரம்பித்தாள்.

பெரியப்பா குனிந்து வாசித்தார். நிமிர்ந்தபோது முகம் சிவந்திருந்தது. அவள் வாயைத் திறந்தபடி நிற்க, குடையை உயர்த்தினார்.

“எல்லாரும் கிட்ட வாங்கோ. கோயில், திருமலை, பெருமாள் கோயில். இதுல திருமலைன்னா திருப்பதி. பெருமாள் கோயில்னா காஞ்சிபுரம். வெறும் கோயில்னா?”

“ஸ்ரீரங்கம்,” என்றோம் நாம், ஒரே குரலில். வீட்டில் சொல்லிக் கொடுத்த பாடம். அத்தனை பேர் சேர்ந்து சொன்னதும் மணிக்கூண்டில் இருந்த புறாக்கள் பறந்தன.

“அப்போ கோயில் பிள்ளைன்னா? ஸ்ரீரங்கத்துப் பிள்ளை. நம்ம கோயில்ல கைங்கர்யம் பண்ணிண்டு இருந்த ஒரு பெரிய மனுஷர், கோட்டையில வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்த காலத்துல, இங்க வந்து இவா மதத்துல சேர்ந்திருக்கார். இது யாருக்குமே தெரியாத விஷயம். இன்னிக்கு, உங்க முன்னாடி, வெளியில வர்றது.”

“சார், அது ஊர் இல்ல சார்,” என்றாள் அவள். “வேலை. எங்க அப்பாவும் கோயில் பிள்ளைதான். இவரு எங்க தாத்தாவோட தாத்தா.”

பெரியப்பா அவளைப் பார்த்துச் சிரித்தார். கோபம் எதுவும் இல்லை. “உங்க தாத்தாவோட தாத்தா பேர் என்னம்மா?”

அவள் சொன்னாள்.

“கல்லுல அந்தப் பேர் இருக்கா?”

“உதிர்ந்துடுச்சு சார்.”

“அப்போ இல்லை. யோசிச்சுப் பாரு. மணி அடிக்கிறவாளுக்கெல்லாம் யாரும்மா கல்லு வைப்பா?”

அவள் நம்மைப் பார்த்தாள். பிறகு திரும்பி, “அப்பா, சொல்லுப்பா,” என்றாள்.

கோயில் பிள்ளை சாவிக்கொத்தை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினார். “சார் படிச்சவங்க. அப்படியும் இருக்கலாம்.”

அந்தப் பதிலைப் பல வருடங்கள் நான் கோழைத்தனம் என்று நினைத்திருந்தேன். கல்லின் ஈரத்தையும், பாசியையும், புறாவையும் கவனித்த நான், அவருக்குப் பின்னால் சபைச் செயலாளர் நின்றிருந்ததைக் கணக்கில் எடுக்கவில்லை. சந்தன நிறச் சஃபாரி போட்ட அந்த மனிதர், பெரியப்பா பேசப் பேச, முன்னால் வந்துகொண்டே இருந்தார். தன் சர்ச்சுக்கு ஸ்ரீரங்கத்திலிருந்து ஒருவர் வந்தார் என்பது, தன் சர்ச்சில் ஒருவர் மணியடித்தார் என்பதைவிட அவருக்கு இனித்தது. “சார், இதை அப்படியே எழுதிக் குடுத்துடுங்க,” என்றார். கோயில் பிள்ளை குடியிருந்த இரண்டு அறை வீடு அந்தச் செயலாளரின் கையெழுத்தில் இருந்தது. படித்த முட்டாள் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பாராட்டிக்கொள்ளும்போது நடுவில் நிற்கிறவர் என்ன சொல்ல முடியும்.

அவளுக்குக் கொடுத்திருந்த அந்த இரண்டு நிமிடம் டீச்சருக்கு நினைவு வரவில்லை. “நேரமாச்சு, எல்லாரும் லைனா வாங்க,” என்றார்.

மற்றவர்கள் நகர்ந்தபோது நான் உட்கார்ந்து கல்லை நோட்டில் எழுதிக்கொண்டேன். எழுத்து எப்படி இருந்ததோ அப்படியே, உதிர்ந்த இடத்தில் கோடு போட்டு. கீழ் வரியில் பாசியைப் பென்சிலின் பின்பக்கத்தால் சுரண்டினேன். ‘மணி’ என்று தெளிவாக வந்தது. அதற்குப் பின் ‘யடி’. அதற்குமேல் நேரம் இல்லை.

பஸ்ஸில் பெரியப்பாவிடம் காட்டினேன். அவர் நோட்டைத் தூரப் பிடித்துப் பார்த்தார்.

“மணி. அதான் அவர் பேர். மேல உதிர்ந்தா என்ன, கீழ இருக்கே. ஸ்ரீரங்கத்துல தடுக்கி விழுந்தா ஒரு மணி.”

“அதுக்கப்புறம் ‘யடி’ன்னு இருக்கு பெரியப்பா.”

“அடியேன்னு இருக்கும். பாத்தியா, அங்க போயும் நம்ம பாஷை போகலை.”

அவர் அதை நம்பியே சொன்னார். பொய் சொல்கிறவர் என்றால் மரியாதையாவது மிஞ்சியிருக்கும்.

கடைசி நிறுத்தத்துக்கு முன் அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அழுதிருக்கவில்லை. “ஸ்கூல் கண்காட்சிக்குச் சார்ட் நீதானே எழுதப் போற. கல்லுல இருக்கிறதை முழுசா எழுது, போதும். நான் சொன்னேன்னு எழுத வேண்டாம்.”

“சரி,” என்றேன்.

சார்ட்டை எங்கள் கூடத்தில் விரித்துப் போட்டு எழுதினேன். பெரியப்பா நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல. தலைப்பு ‘கோயிலிலிருந்து கோயிலுக்கு’. பச்சை ஸ்கெட்ச் பென்னால் வாழை இலைக் கரை. கல்லின் படம் வரைந்து, மேல் வரியை எழுதி, கீழ் வரியை விட்டுவிட்டேன். ஏன் என்று பலமுறை பட்டியல் போட்டிருக்கிறேன். அப்பாவின் அண்ணா, மறுத்துப் பேசக் கூடாது. வரி முழுதாகப் படிக்க வரவில்லை, அரைகுறையாக எழுதக் கூடாது. ஸ்ரீரங்கம் பெயர் வந்தால் பரிசு வரும். மூன்றாவதுதான் காரணம். முதல் இரண்டும் மேலே பூசிய பூச்சு.

கண்காட்சியில் அவள் வந்து, முதலிலிருந்து கடைசி வரை, நின்று படித்தாள்.

“கீழ் வரி எங்க?”

“இடம் பத்தல.”

சார்ட்டின் அடியில் நான்கு விரல் அகலத்துக்கு வெறும் வெள்ளைத் தாள் இருந்தது. அவள் அதில் விரலை வைத்தாள், எடுத்தாள், போய்விட்டாள். அதன் பிறகு என்னோடு பேசவில்லை. எனக்கு முதல் பரிசு, ஒரு ஜியோமெட்ரி பாக்ஸ். கைதட்டினீர்களே, நினைவிருக்கிறதா.

பெரியப்பா எழுதிக் கொடுத்ததைச் சர்ச்சில் பலகையாக வைத்தார்கள்: ‘ஸ்ரீரங்கம் கோயிலிலிருந்து வந்த ஆதி விசுவாசி’. கல்லைச் சுற்றி இரும்புக் கம்பி வேலி போட்டுப் பூட்டினார்கள். கல்லறைத் திருநாளில் அந்தக் குடும்பம் அந்தக் கல்லின்மேல் பூப்போட்டு மெழுகுவர்த்தி வைக்கிற வழக்கம் உண்டு. வேலி வந்த பிறகு, சரித்திரச் சின்னத்தில் மெழுகு சிந்தக் கூடாது என்று செயலாளர் சொல்லிவிட்டாராம். பூட்டின் சாவி கோயில் பிள்ளையிடம்தான் இருந்தது. இதை அவள் பெஞ்சுத் தோழி என்னிடம் சொன்னாள், நான் கேட்காமலே.

நம் தெருவில் செய்தி வந்ததும் இரண்டு வாரம் கோபப்பட்டார்கள். போனவர் யாராத்து மனுஷர் என்று ஆராய்ந்தார்கள், ஒவ்வொருவரும் அடுத்தவர் வீட்டைக் காட்டினார்கள். மூன்றாவது வாரம் கோபம் பெருமையாகிவிட்டது. சர்ச்சுக்கே நாம்தான் ஆள் கொடுத்தோம்.

அந்த நோட்டு இப்போது இல்லை. நீல அட்டை, ஓரத்தில் என் பல் பதிந்த பென்சில் செருகியிருக்கும். வீடு மாறியபோது பழைய பேப்பரோடு போய்விட்டது. பெரியப்பா ஆசார்யன் திருவடி அடைந்தும் ஆறு வருடமாகிறது. இறந்துபோனவரைப் பற்றி இப்படி எழுதலாமா என்பீர்கள். இறந்துபோன ஒருவரைப் பற்றி அவர் சொன்னதால்தான் இதெல்லாம்.

உங்கள் ஓட்டெடுப்புக்குப் பிறகு, போன மாதம் ஒரு சனிக்கிழமை, இப்போது காசு வாங்கி நடத்துகிற அந்த டூருக்கு நான் மட்டும் பதிவு செய்து போனேன். இப்போது வழிகாட்டிக்குக் காதில் மைக். இருபத்தைந்து வயது இருக்கும், கலகலப்பானவர், பெரியப்பா பெயரைக்கூடக் கேள்விப்பட்டிராதவர். ஆனால் முட்டையை உடைத்தார். தென்னூரில் வேலிக்கு முன் நின்று, கோயில் பிள்ளைக்கும் ஒரு கேப்டனின் தங்கைக்கும் காதல் என்றார். அவளைப் பார்க்க அவர் ஸ்ரீரங்கத்திலிருந்து சுரங்கப்பாதை வழியாக வருவார் என்றார். காவிரிக்குக் கீழேதான். கூட்டத்தில் பன்னிரண்டு பேர், எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள்.

அவர்களுக்கு வேலியைத் திறந்துவிட ஒரு பெண் சாவியோடு வந்தாள். கதர்ப் புடவை, முன்நெற்றியில் இரண்டு நரை. என்னைப் பார்த்தாள். அடையாளம் தெரிந்துகொண்டாள் என்பதை மறைக்கவில்லை.

நான் உள்ளே போய் உட்கார்ந்து, போன் விளக்கைக் கல்லோடு கல்லாகப் படுக்கவைத்துப் பிடித்தேன். விரிசல் பார்க்க நாங்கள் அப்படித்தான் செய்வோம். விளக்குப் பக்கவாட்டில் விழுந்தால் தேய்ந்த பள்ளமும் நிழல் காட்டும். கீழ் வரி எழுந்து வந்தது. ‘மணியடிததுஊழியஞசெயதுகரததருககுளநிததிரையடைநதார’.

புள்ளி வைத்து, சொல் பிரித்து, வாய்விட்டுப் படித்தேன்: ‘மணியடித்து ஊழியஞ்செய்து கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.’ பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். “இது ஊர்ப் பெயர் இல்லை. வேலையின் பெயர். இவர் இந்தச் சர்ச்சில் மணியடித்தவர். மணியடித்தார் என்று கல்லிலேயே இருக்கு. ஸ்ரீரங்கத்துக்கும் இவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.” என் குரல் நடுங்கவில்லை. ஏழாம் வகுப்பில் வேண்டியிருந்த குரல் அது.

“சூப்பர் மேடம்,” என்றார் வழிகாட்டி. “அப்படியும் ஒரு வெர்ஷன் இருக்கு, ஃப்ரெண்ட்ஸ். எது பிடிக்குதோ எடுத்துக்கலாம்.” ஒரு தம்பதி என்னை நகரச் சொல்லிவிட்டுக் கல்லோடு படம் எடுத்துக்கொண்டார்கள். பிறகு எல்லோரும் வேனுக்குப் போனார்கள்.

அவள் வேலியைப் பூட்டினாள்.

“நல்லாப் படிச்ச,” என்றாள்.

“நீ இங்கயா வேலை பார்க்கிற?”

“அப்பாவுக்கப்புறம் ஆள் வரல. காலையில நர்சரி ஸ்கூல், மத்த நேரம் இது. மணியும் நான்தான்.”

“நான் எழுதித் தரேன். படம் எடுத்திருக்கேன், ஒவ்வொரு எழுத்தும் தெரியுது. உங்க செயலாளர்கிட்ட…”

“குடு. வாங்கி வச்சுக்குவாங்க.” சாவிக்கொத்தை இடுப்பில் செருகினாள். “அப்பா இருந்தப்போ குடுத்திருந்தா உக்காந்து படிச்சிருப்பாரு.”

“எப்போ?”

“ரெண்டு வருஷம் ஆச்சு.”

அவரையும் அங்கேயே, மதிலோரம் பூவரசுக்குக் கீழே அடக்கம் செய்திருந்தார்கள். அவள் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பி இடத்தைக் காட்டினாள். அவ்வளவு தூரத்திலிருந்து புதுக் கருப்புக் கல் மட்டும்தான் தெரிந்தது. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, “கோயில் பிள்ளைன்னு போட்டிருக்கீங்கல்ல?” என்று கேட்டேன்.

“போடலாம்னுதான் இருந்தோம். கல்லு வெட்டுறவர்கிட்ட எழுதியே குடுத்தாச்சு. அம்மாதான் வேண்டாம்னுட்டாங்க.”

“ஏன்?”

“போட்டா இவரையும் ஸ்ரீரங்கத்துக்காரர்னு சொல்லிடுவாங்கன்னாங்க.”

அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. மணி பன்னிரண்டாகப் போகிறது, அடிக்க வேண்டும் என்று கூண்டுக்குள் போனாள். நான் மதிலோரம் போய்ப் பார்த்தேன். இயந்திரம் வெட்டிய சுத்தமான எழுத்து, புள்ளிகளெல்லாம் அதனதன் இடத்தில். பெயர் இருந்தது, இரண்டு தேதிகள் இருந்தன, ஒரு வசனம் இருந்தது. அந்த மனிதர் வாழ்நாளெல்லாம் என்ன வேலை செய்தார் என்பது எங்கும் இல்லை.